உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும்: சேற்றுக்குள் கரிமம் என்ன ஆகிறது?

சதுப்புநிலக் காடுகள் நிலத்துக் காடுகளைவிடப் பல மடங்கு கரிமத்தைச் சேர்த்து வைக்கின்றன என்று ஒரு நாள் செய்தி வருகிறது. பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயுவில் உலகம் வெளிவிடுவதில் ஏறக்குறைய பாதி ஆறு, ஏரி, சதுப்புநிலம், கடற்கரை போன்ற நீர்நிலைகளிலிருந்து வரக்கூடும் என்று இன்னொரு நாள் செய்தி வருகிறது. இரண்டையும் படித்தவர் குழம்புவது நியாயம்தான். பருவநிலைக்கு நீர்நிலை உதவுகிறதா, உபத்திரவம் செய்கிறதா?

இரண்டு செய்தியுமே சரி. எந்த நீர், அதன் அடியில் எவ்வளவு சேறு, அந்தச் சேற்றை யாராவது கலைத்தார்களா என்பதைப் பொறுத்து விடை மாறும். சிங்கப்பூரில் இந்த மூன்றையும் ஒரே நாளில் நேரில் பார்த்துவிடலாம்.

## முதலில் சில சொற்கள்

1. கரிமமும் கரியமில வாயுவும். ஒரு டன் கரிமம் எரிந்தோ மக்கியோ போனால் அது 3.67 டன் கரியமில வாயுவாக மாறும். ஆக்சிஜனின் எடையும் அதில் சேர்ந்துகொள்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் கரிமத்தில் கணக்குச் சொல்லும், அரசாங்க அறிக்கைகள் கரியமில வாயுவில் சொல்லும். கலந்து படித்தால் கணக்கு ஏறக்குறைய நாலு மடங்கு பிசகும்.

2. இருப்பும் வரவும். வங்கிக் கணக்கு மாதிரிதான். சேற்றில் ஏற்கெனவே சேர்ந்து கிடப்பது இருப்பு. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்வது வரவு. செய்திகளில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

3. வாயுக்களின் வீரியம். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஏறக்குறைய 27 முதல் 30 டன் கரியமில வாயு அளவுக்குச் சூடேற்றும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது 80 டன்னுக்குச் சமம். மீத்தேன் காற்றில் 12 ஆண்டுகள் போலத்தான் தங்கும், ஆனால் இருக்கும் வரை வேகமாக வேலை செய்யும். நைட்ரஸ் ஆக்சைடு இன்னும் மோசம்: நூறு ஆண்டுக் கணக்கில் 273 மடங்கு.

4. நீலக் கரிமம். கடலோரத் தாவரங்களும் அவற்றின் அடிச்சேறும் பிடித்துவைக்கும் கரிமத்துக்கு இந்தப் பெயர். 2009ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு பரவலானது. சதுப்புநிலக் காடு, கடற்புல் படுகை, உவர்ப் புல்வெளி ஆகிய மூன்றும் இதில் அடக்கம். மூன்றாவது பெரும்பாலும் குளிர்நாடுகளில்தான் பரவலாக இருக்கிறது. கடற்புல் என்பது கடற்பாசி இல்லை. வேரும் பூவும் காயும் உள்ள முழுச் செடி அது. சிங்கப்பூர்க் கரைகளில் 12 வகைகள் இருக்கின்றன.

## சேறு எப்படிப் பெட்டகம் ஆகிறது

கடல் இறங்கிய நேரத்தில் பாசிர் ரிஸ் பூங்காவின் மரப்பலகைப் பாதையில் நின்று பாருங்கள். பென்சில் நட்டுவைத்தது போல ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வேர் ஏன் மேல்நோக்கி வளர வேண்டும்? அடியில் ஆக்சிஜன் இல்லை. நீர் நிறைந்த களிச்சேற்றுக்குள் காற்று நுழைவது அரிது. மேலே சில மில்லிமீட்டர் பழுப்பாக இருக்கும், அதற்குக் கீழே சாம்பல் நிறம், இன்னும் கீழே கறுப்பு. காற்று எட்டும் எல்லையை அந்த நிற மாற்றமே காட்டிக்கொடுக்கிறது.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இலையும் வேரும் மக்குவது மிக மெதுவாகத்தான் நடக்கும். ஒவ்வொரு முறை கடல் ஏறும்போதும் புதிய வண்டல் வந்து படிகிறது. அது பழையதை மூடுகிறது. இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கு மேல் அடுக்காக ஏறிக்கொண்டே போகும். 2011இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியப் பெருங்கடல், பசிபிக் பகுதிகளின் சதுப்புநிலக் காடுகளை அளந்தபோது ஒரு ஹெக்டருக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,000 டன் கரிமம் கிடைத்தது. அதில் பாதிக்கு மேல், சில இடங்களில் கிட்டத்தட்ட முழுவதும், மண்ணுக்குள்தான் இருந்தது. காட்டைப் பார்க்கும்போது கண் மரத்துக்குத்தான் போகிறது. சொத்து காலடியில் கிடக்கிறது.

அளப்பது எப்படி? பாதியாகப் பிளந்த எஃகுக் குழாய் ஒன்றைச் சேற்றில் செங்குத்தாக அமுக்கி, ஒரு சுற்றுத் திருகி, மெதுவாக இழுப்பார்கள். உள்ளே ஒரு மீட்டர் நீளச் சேறு அடுக்குக் குலையாமல் வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, காயவைத்து, எடை போட்டு, சூளையில் எரித்து மறுபடி எடை போட்டால் எரிந்துபோன பங்கு தெரிந்துவிடும். கரிமத்தின் அளவை அதிலிருந்து கணக்கிடலாம். நாள் முழுக்க முட்டியளவு சேற்றில் நின்று செய்ய வேண்டிய வேலை இது. எண்கள் குறைவாகவே கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே தமிழருக்கு ஒரு பழைய உறவு உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம் ஒரு சதுப்புநில மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கண் எரியும். அதே மரம் சுங்கை பூலோவிலும் பாசிர் ரிஸ்ஸிலும் நிற்கிறது.

## உப்பு செய்யும் வேலை

ஆக்சிஜன் இல்லை என்றால் கரிமம் மக்கவே மக்காது என்று அர்த்தம் இல்லை. நுண்ணுயிர்கள் மூச்சுவிட வேறு வழி தேடும். எது அதிக சக்தி தருமோ அதை முதலில் எடுத்துக்கொள்ளும். வரிசை இப்படி:

1. ஆக்சிஜன் இருந்தால் அதுதான் முதல். விளைவு கரியமில வாயு.
2. அது தீர்ந்தால் நைட்ரேட். இந்தப் பாதையில் நைட்ரஸ் ஆக்சைடு கசிய வாய்ப்பு உண்டு. சாக்கடை நீரும் உரமும் கலக்கும் இடங்களில் இது கூடும்.
3. பிறகு மாங்கனீசு, இரும்பு போன்ற தாதுக்கள்.
4. அடுத்தது சல்ஃபேட் என்ற கந்தக உப்பு. விளைவு கூமுட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைட்.
5. இவை எல்லாம் தீர்ந்த பிறகு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு முறை வரும். சாண எரிவாயுக் கலத்துக்குள் நடப்பதும் இதே வேலைதான்.

இதில் நான்காவது படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. நல்ல தண்ணீரில் பெரும்பாலும் சில மில்லிகிராம்தான். கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் சேற்றில் சல்ஃபேட் தீர்வதே இல்லை. தீரத் தீரக் கடல் கொண்டுவந்து கொடுக்கிறது. சல்ஃபேட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் உணவைப் பறித்துக்கொள்வதால் மீத்தேன் கூட்டத்துக்கு அதிகம் மிஞ்சுவதில்லை. உப்பு ஆயிரத்துக்கு 18 பங்குக்கு மேல் இருந்தால் மீத்தேனைக் கணக்கில் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை என்ற அளவுக்குக் குறைவாக இருக்கும் என்று பருவநிலைக்கான அனைத்துலகக் குழுவின் 2013ஆம் ஆண்டுக் கணக்கீட்டு வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் சதுப்புநிலக் காடுகளும் கொஞ்சம் மீத்தேன் விடத்தான் செய்கின்றன, ஆற்றுநீர் அதிகம் கலக்கும் இடங்களில் கூடுதலாக. அதனால் சேமிப்பின் ஒரு பங்கு அடிபடுகிறது. முழுதும் அடிபடுவதில்லை.

சதுப்புநிலத்தில் நடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லலாம்: அந்த நாற்றம் அடிக்கும் வரை, கீழே மீத்தேனுக்குப் பதிலாக வேறு வேலை நடக்கிறது என்று பொருள்.

## கிராஞ்சி அணையின் இரண்டு பக்கங்கள்

இப்போது கிராஞ்சி அணைமேல் ஓடும் சாலைக்குப் போவோம். ஒரு பக்கம் நீர்த்தேக்கம். மறுபக்கம் ஜோகூர் நீரிணை, அலையில் ஏறி இறங்கும் சேற்றுத் திட்டு, அதற்கு அப்பால் ஜோகூர் பாருவின் கட்டடங்கள். 1970களில் அணை கட்டும் வரை இரண்டு பக்கமும் ஒரே ஆற்றின் கழிமுகம். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அணை வந்த பிறகு ஒரு பக்கத்துச் சேற்றுக்கு உப்பு நின்றுபோனது.

சேற்றுக்குள் இதன் பொருள் என்ன? சல்ஃபேட் வரத்து நின்றுவிட்டது. மழைநீர் கொண்டுவரும் இலைதழை, பாசி, வண்டல் எல்லாம் அடியில் படிந்துகொண்டே இருக்கிறது. நான்காம் படி வலுவிழந்து ஐந்தாம் படிக்கு வழி திறக்கிறது. உண்டாகும் மீத்தேன் வெளியேற மூன்று வழிகள்: ஆழம் குறைந்த ஓரங்களில் குமிழ் குமிழாக மேலே வருவது, நீரில் கரைந்து மேற்பரப்பு வழியே மெதுவாகக் கசிவது, நீர்த்தாவரங்களின் தண்டு வழியே ஏறுவது. குமிழ்தான் வேகமான வழி. மெதுவாகக் கசியும் மீத்தேனில் பெரும்பங்கை, மேல்நீரில் ஆக்சிஜன் இருந்தால், வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் வழியிலேயே தின்றுவிடும். குமிழ் அதற்கு நேரம் கொடுப்பதில்லை.

அளக்கும் கருவி, தலைகீழாகக் கவிழ்த்த மிதக்கும் வாளி போல இருக்கும். நீர்மேல் விட்டு, உள்ளே வாயு எவ்வளவு வேகத்தில் கூடுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு குமிழ்க் கொத்து வாளிக்கு அடியில் வந்தால் எண் எகிறும், ஒரு கை தள்ளி வந்தால் ஒன்றும் தெரியாது. ஒரே நீர்த்தேக்கத்தை இரண்டு குழுக்கள் அளந்து வெவ்வேறு எண் சொன்னால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்குகிறது. நுண்ணுயிர்களின் வேகமோ சூட்டில் கூடுகிறது. பாசி பெருத்துச் செத்து அடியில் விழுந்தால் இருக்கிற ஆக்சிஜனும் தீர்ந்துவிடும்.

சிங்கப்பூரில் 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மெக்ரிட்சி, பியர்ஸ் போன்ற பழையவை தீவின் நடுவில் உள்ளவை. ஆனால் கிராஞ்சி, கீழ் சிலேத்தார், பொங்கோல், சிராங்கூன் என்று பல, ஆற்று முகத்துவாரத்தை அடைத்து உருவானவை. 2008இல் திறந்த மரினா அணைக்கட்டும் கடல்நீர் வந்துபோன இடத்தை நல்ல தண்ணீர்த் தேக்கமாக்கியது. இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்த ஆறு பெரிதாக இல்லாத நாடு. ஜோகூருடனான தண்ணீர் ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. மழையைப் பிடித்துவைக்காமல் வேறு வழியில்லை. ஆனால் அதற்கும் ஒரு வாயுக் கணக்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதும் இல்லை. நீரால் மூடப்பட்ட நிலத்தின் மீத்தேனைக் கணக்கிடும் முறை அனைத்துலகக் குழுவின் 2019ஆம் ஆண்டுத் திருத்த வழிகாட்டியில் வந்துவிட்டது.

குறைக்க வழி இருக்கிறது. வடிகாலில் ஓடிவரும் சத்துகளையும் இலைக்குப்பையையும் நீர்த்தேக்கத்துக்கு முன்பே வடிகட்டுவது முதல் வழி. பொதுப் பயனீட்டுக் கழகம் 2006இல் தொடங்கிய நீர்நிலைத் திட்டத்தின் மழைத்தோட்டங்களும் செடிப்படுகைகளும் நீர்த்தரத்துக்காக அமைந்தவை. பாசியைக் குறைப்பதால் மீத்தேனுக்குத் தீனியும் குறைகிறது. அடிநீரில் காற்றோட்டம் ஏற்படுத்துவதும் அதே திசையில் உதவும்.

## எல்லா நீலமும் கரிமச் சேமிப்பு இல்லை

பவளப்பாறையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அதன் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட். பெயரிலேயே கரிமம் இருக்கிறது. அதனால் அதுவும் கரிமச் சேமிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த எலும்புக்கூடு உருவாகும் வேதிவினையில் கரியமில வாயு வெளியே விடப்படுகிறது. பவளத்தைக் காக்க மீன்வளம், கரைப் பாதுகாப்பு என்று நூறு காரணங்கள் உண்டு. கரிமம் அவற்றில் சேராது.

கடல்நீரிலேயே கரைந்து வரும் கரிமமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவின் கரிநிலங்களிலிருந்து, அதாவது மக்காத இலைதழை அடுக்கடுக்காகச் சேர்ந்த ஈரநிலங்களிலிருந்து, ஆறுகள் கொண்டுவரும் தேநீர் நிறத் தண்ணீரின் ஒரு பகுதி சிங்கப்பூர் நீரிணைக்கு வந்து சேர்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஈரத்தில் மூடிக் கிடந்த கரிமம் அது. கடலில் அதன் பெரும்பகுதி சிதைந்து கரியமில வாயுவாகிறது. நீரின் அமிலத்தன்மையும் கூடுகிறது, பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் போகும் வெளிச்சமும் குறைகிறது. கரிநிலம் எரிந்தால் புகைமூட்டம் வருகிறது, அதை எல்லோரும் பார்க்கிறோம். தண்ணீர் வழியாகக் கசிவது கண்ணில் படுவதில்லை.

## சிங்கப்பூரின் கணக்கு: பத்து நாள்

சரி, நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? 1819இல் தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 13 விழுக்காடு சதுப்புநிலக் காடாக இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். நில மீட்பு, நீர்த்தேக்கம், இறால் குளம், தொழிற்பேட்டை என்று போனது போக, இன்று ஒரு விழுக்காட்டுக்கு மேல் இல்லை. மிச்சக் காடுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் கரிமம் சுமார் 450,000 டன் என்று 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

இதைக் கரியமில வாயுவாக மாற்றினால் 1.65 மில்லியன் டன். 2022இல் சிங்கப்பூரின் மொத்த வெளியேற்றம் ஏறக்குறைய 58.6 மில்லியன் டன். அதாவது சதுப்புநிலங்கள் பல நூற்றாண்டுகளாகச் சேர்த்தது, நாடு வெளிவிடும் பத்து நாள் வாயுவுக்குச் சமம். ஆண்டு வரவை மட்டும் எடுத்தால் இன்னும் சிறிது.

விலையையும் பார்த்துவிடலாம். ஒரு ஹெக்டர் காடு ஆண்டுக்குச் சுமார் 1.6 டன் கரிமத்தைச் சேர்க்கும் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 6 டன் கரியமில வாயு. வெளிவிடும் வாயுவுக்காகப் பெரிய நிறுவனங்கள் கட்டும் கரிம வரி, 2026, 2027 ஆண்டுகளுக்கு டன்னுக்கு 45 வெள்ளி. பெருக்கினால் ஒரு காற்பந்துத் திடலைவிடப் பெரிய காட்டுக்கு ஆண்டுக்கு 270 வெள்ளி. சிங்கப்பூரில் நிலத்தின் விலை தெரிந்த யாரும் இந்த எண்ணைக் காட்டி ஒரு காட்டைக் காப்பாற்ற முடியாது.

இந்தக் கணக்கைப் பார்த்து, அப்போது இந்தக் காடுகள் தேவையில்லையே என்று சொல்பவர்கள் வரவை மட்டும் பார்க்கிறார்கள். இருப்பைத் திரும்பக் கொண்டுவர ஆகும் காலத்தைப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு ஹெக்டரில் 500 டன் சேற்றுக் கரிமம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோண்டி, நீரை வடித்து, காற்று படவிட்டால் அதில் பெரும்பங்கு சில பத்தாண்டுகளில் போய்விடும். ஆண்டுக்கு 1.6 டன் வீதம் மறுபடி சேர்க்க 300 ஆண்டுக்கு மேல் ஆகும். 2050க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்க வேண்டிய நாட்டுக்கு அந்தக் காலம் கைவசம் இல்லை. என்னைக் கேட்டால், பத்து புதிய கன்றுகள் நடும் படத்தைவிட, ஒரு பிடி பழைய சேறு கலையாமல் இருப்பது பெரிய செய்தி.

வெளிநாட்டுக் கரிமப் புள்ளிகளைப் பற்றிய செய்திகளையும் இதே கண்ணோடுதான் படிக்க வேண்டும். ஒரு திட்டம் தவிர்த்த அல்லது பிடித்துவைத்த ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் சான்றாக விற்கப்படுவதுதான் கரிமப் புள்ளி. 2024 முதல் வரி கட்டும் நிறுவனங்கள் தங்கள் வரிக்குரிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை அனைத்துலகக் கரிமப் புள்ளிகளால் ஈடுகட்டலாம். பாப்புவா நியூ கினி, கானா போன்ற நாடுகளுடன் அதற்காக ஒப்பந்தங்கள் உள்ளன. சிந்து நதி முகத்துவாரத்தில் நடப்பதைப் போன்ற பெரிய சதுப்புநிலத் திட்டங்கள் உலகில் புள்ளிகளை விற்கின்றன. எந்தத் திட்டமானாலும் கேட்க வேண்டியவை: அந்தப் பணம் இல்லாவிட்டாலும் அந்தக் காடு இருந்திருக்குமா? இங்கே காத்துவிட்டு அடுத்த கழிமுகத்தில் வெட்டுகிறார்களா? மீத்தேனைக் கழித்தார்களா? புயல் வந்தால் பொறுப்பு யாருக்கு?

## கடல் ஏறினால்

பெட்டகத்துக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. கடல் மட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக உயர்ந்தால் சதுப்புநிலச் சேறு அதற்கு ஈடுகொடுத்து மேலெழ முடிவதில்லை என்று பழைய கடற்கரை அடுக்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. 2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது பருவநிலை ஆய்வு, 2100க்குள் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது. அந்த உச்சக் கணக்குப்படி சராசரி வேகமே அந்த எல்லையை இரண்டு மடங்கு தாண்டிவிடும்.

இயற்கையில் காடு கரைப்பக்கமாகப் பின்வாங்கும். விதைகள் மேட்டில் விழுந்து முளைக்கும். சிங்கப்பூர்க் கரையில் சுமார் 70 விழுக்காடு ஏற்கெனவே கற்சுவரும் கரைத்தடுப்பும் கொண்டது. பின்னால் சுவர், முன்னால் ஏறும் கடல். நடுவில் காடு நெருக்குப்படுகிறது. சுங்கை பூலோவைச் சுற்றி 2020இல் அறிவிக்கப்பட்ட 400 ஹெக்டர் இயற்கைப் பூங்காக் கட்டமைப்பை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம். மண்டாய் சேற்றுத்திட்டு அதில் சேர்ந்தது. காட்டுக்குப் பின்னால் இடம் விட்டுவைப்பதுதான் அங்கே முக்கியமான முதலீடு.

புலாவ் உபினில் கைவிட்ட இறால், மீன் குளங்கள் இருக்கின்றன. சதுப்புநிலத்தை வரப்பு கட்டித் தோண்டியவை. இப்படிப்பட்ட குளங்களில் கன்றுகளை வரிசையாக நட்டால் பெரும்பாலும் செத்துப்போகும், ஏனென்றால் தண்ணீர் உள்ளே தேங்கியே நிற்கிறது. மூச்சுவேருக்கு மூச்சு கிடைப்பதில்லை. முதலில் செய்ய வேண்டியது வரப்பை உடைப்பது, தரையின் உயரத்தைச் சரிசெய்வது. கடல் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உள்ளே நிற்கிறது, எத்தனை மணி நேரம் வெளியே போகிறது என்பது ஒழுங்குக்கு வந்துவிட்டால், அடுத்த கரையிலிருந்து மிதந்து வரும் விதைகள் தாமாகவே வேர் பிடிக்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரோடு சல்ஃபேட்டும் வண்டலும் உள்ளே வரும்.